டாப்-அப், சூப்பர் டாப்-அப், ஹாஸ்பிடல் கேஷ்: வாசகர் கேள்வி - பதில்

அலுவலகக் குழுக் காப்பீடு 5 லட்சம் இருக்கிறது. அதற்கு மேல் தனியாக 5 லட்சம் டிடக்டிபிள் (காப்பீடு தொடங்குவதற்கு முன் வேறு வழியில் கட்ட வேண்டிய தொகை) வைத்து, 15 லட்சத்துக்கு ஒரு டாப்-அப் பாலிசி எடுத்திருந்தேன். இந்த ஆண்டு அப்பாவை இரண்டு முறை மருத்துவமனையில் சேர்த்தோம். முதல் பில் 4 லட்சம், அடுத்தது 3.5 லட்சம். குழுக் காப்பீடு 5 லட்சத்தோடு தீர்ந்துபோனது. மீதி 2.5 லட்சத்தை டாப்-அப் நிறுவனம் தர மறுக்கிறது. இது சரியா?

பெரும்பாலும் சரிதான். டாப்-அப் வேறு, சூப்பர் டாப்-அப் வேறு. டாப்-அப்பில் ஒவ்வொரு க்ளெய்மும் தனித்தனியாக 5 லட்சத்தைத் தாண்ட வேண்டும். உங்கள் இரண்டு பில்களும் தாண்டவில்லை, அதனால் பூஜ்யம். சூப்பர் டாப்-அப்பாக இருந்தால், ஒரு பாலிசி ஆண்டின் எல்லாச் செலவையும் கூட்டி 7.5 லட்சம் என்று எடுத்துக்கொண்டு, 5 லட்சம் போக 2.5 லட்சம் தந்திருப்பார்கள். இரண்டுக்கும் ப்ரீமிய வித்தியாசம் சிறியதுதான். வெறும் டாப்-அப் வாங்க ஒரு நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் ஒன்றைப் பார்த்துவிட்டுக் கைவிடுங்கள். இரண்டு அட்மிஷனும் ஒரே நோய்க்கா? சிகிச்சை பெற்ற மருத்துவமனையில் கடைசியாக மருத்துவரைப் பார்த்த நாளிலிருந்து 45 நாள்களுக்குள் அதே நோய் திரும்பினால், பாலிசிகளின் பொது வரையறைப்படி அது 'ஒரே நோய்' என்ற கணக்கில் வரும். உங்கள் பாலிசியில் டிடக்டிபிள் 'ஒரே நோய்' அடிப்படையில் எழுதப்பட்டிருந்தால் இரண்டு பில்லையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அந்த வரியைச் சுட்டிக்காட்டி, இரண்டு டிஸ்சார்ஜ் சம்மரிகளையும் இணைத்து மறுபரிசீலனை கேளுங்கள். இரண்டிலும் நோயின் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்பதைத்தான் அவர்கள் முதலில் பார்ப்பார்கள்.

மொத்த பில் 8 லட்சம். 5 லட்ச அடிப்படை பாலிசி கேஷ்லெஸ்ஸில் 4.3 லட்சம் கொடுத்தது. மீதி 3.7 லட்சத்தைக் கையிலிருந்து கட்டினோம். சூப்பர் டாப்-அப் வேறு நிறுவனத்தில், டிடக்டிபிள் 5 லட்சம். அவர்கள் ஒரிஜினல் பில் கேட்கிறார்கள். அது முதல் நிறுவனத்திடம் இருக்கிறது. என்ன செய்வது? 3.7 லட்சம் முழுவதும் கிடைக்குமா?

முதலில் காகிதம். முதல் நிறுவனத்திடமிருந்து க்ளெய்ம் செட்டில்மென்ட் கடிதம் வாங்குங்கள். எவ்வளவு கேட்கப்பட்டது, எவ்வளவு தரப்பட்டது, எதற்காக எவ்வளவு பிடித்தம் என்று அதில் விவரமாக இருக்க வேண்டும். 'தொகை செட்டில் ஆனது' என்ற ஒற்றை வரி மின்னஞ்சல் போதாது. பிறகு மருத்துவமனையின் இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் பில், ரசீது, பரிசோதனை அறிக்கை எல்லாவற்றின் நகலிலும் முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். இந்த நகல்களும் செட்டில்மென்ட் கடிதமும் சேர்ந்தால் இரண்டாவது நிறுவனத்துக்குப் போதும். நீங்கள் கையிலிருந்து கட்டிய 3.7 லட்சத்துக்கான ரசீதின் ஒரிஜினல் மட்டும் உங்களிடமே இருக்கும். அதை அப்படியே கொடுங்கள்.

கூடவே வைக்க வேண்டியவை: வகைவாரியாகப் பிரித்த இறுதி பில், டிஸ்சார்ஜ் சம்மரி, மருத்துவர் சீட்டோடு மருந்து பில்கள், ஸ்டென்ட், லென்ஸ், மூட்டு போன்றவை பொருத்தியிருந்தால் அதன் ஸ்டிக்கரும் இன்வாய்ஸும், விபத்து என்றால் எஃப்ஐஆர் அல்லது மருத்துவமனையின் எம்எல்சி (மருத்துவ-சட்டப் பதிவு) நகல், நோயாளியின் அடையாளச் சான்று, ரத்துசெய்த காசோலை. ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு வாங்க வேண்டும். ஒரு மாதம் கழித்துப் போனால் கேஸ் ஷீட் ரெக்கார்டு அறைக்குப் போயிருக்கும், அலைய விடுவார்கள்.

இனி தொகை. இங்கேதான் பலருக்கும் ஏமாற்றம். அடிப்படை பாலிசி விட்டுவைத்த மீதியை அப்படியே தருவது சூப்பர் டாப்-அப்பின் வேலை இல்லை. அவர்கள் 8 லட்ச பில்லைத் தங்கள் விதிப்படி முதலிலிருந்து கணக்கிடுவார்கள். கையுறை, டிஷ்யூ, ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணம் போன்ற தர இயலாத இனங்கள் 40,000 ரூபாய் என்று வையுங்கள். மீதி 7.6 லட்சம். அதில் 5 லட்சம் டிடக்டிபிள் கழித்தால் 2.6 லட்சம் வரும். நீங்கள் கட்டியது 3.7 லட்சம், இடைவெளி 1.1 லட்சம். அதில் 40,000 தர இயலாத இனங்கள். மீதி 70,000 எங்கே போனது? உங்கள் அடிப்படை பாலிசி 5 லட்சத்துக்குப் பதில் 4.3 லட்சம்தான் கொடுத்திருக்கிறது. அறை வாடகை வரம்பைத் தாண்டிய அறை எடுத்ததால், அதே விகிதத்தில் மற்ற கட்டணங்களிலும் வெட்டியிருப்பார்கள். செட்டில்மென்ட் கடிதத்தில் 'ப்ரோபோர்ஷனேட் டிடக்‌ஷன்' என்று இருக்கிறதா பாருங்கள். அந்தப் பிடித்தத்தை மேலே இருக்கும் பாலிசி ஈடுசெய்யாது. டிடக்டிபிளுக்குள் விழும் ஓட்டை உங்கள் பைக்குத்தான். அடிப்படை பாலிசியில் அறை வாடகை வரம்பு இருந்தால், சூப்பர் டாப்-அப்பின் தொகையை ஏற்றுவதைவிட அந்த வரம்பை நீக்கப் பார்ப்பதே நல்லது.

அடுத்த முறைக்கு: அட்மிஷன் நாளிலேயே இரண்டு நிறுவனத்துக்கும் தகவல் சொல்லி, இரண்டு இன்டிமேஷன் எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பில் 5 லட்சத்தைத் தாண்டும் என்று முதல் நாளே யாருக்கும் தெரியாது. தாண்டிய பிறகு சொன்னால் 'தாமதமான தகவல்' என்று ஒரு கேள்வி வரும். இரண்டு பாலிசி இருக்கும்போது எதில் முதலில் கேட்பது என்பது உங்கள் விருப்பம். முதன்மை நிறுவனமே மீதித் தொகைக்கு மற்ற நிறுவனத்தோடு ஒருங்கிணைக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் 2024 மே மாத முதன்மைச் சுற்றறிக்கை சொல்கிறது. செட்டில்மென்ட் கடிதம் வராமல் இழுத்தால் இதைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

ஜூனில் 4 லட்சம், ஆகஸ்டில் 4 லட்சம் செலவு. என்னிடம் இருப்பது சூப்பர் டாப்-அப்தான், டிடக்டிபிள் 5 லட்சம். ஆனாலும் ஒன்றும் வரவில்லை.

உங்கள் சூப்பர் டாப்-அப் ஜூலையில் புதுப்பிக்கப்படுகிறதா? அப்படியானால் இரண்டு அட்மிஷனும் இரண்டு வெவ்வேறு பாலிசி ஆண்டுகளில் விழுந்துவிட்டன. அடிப்படை பாலிசி ஏப்ரல் முதல் மார்ச் வரை ஓடி ஒரே ஆண்டாகக் கணக்கிட்டாலும், மேலே உள்ள பாலிசிக்கு அதன் தேதிதான் கணக்கு. புதிதாக வாங்குகிறவர்கள் இரண்டையும் ஒரே தேதியில் தொடங்குங்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் தேதியைச் சரிசெய்வதற்காகப் பழையதை விட்டுவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டாம். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பணம் தராத தொடக்க ஆண்டுகள்தான் காத்திருப்புக் காலம். அதைக் கடந்துவந்தது வீணாகிவிடும். அது பெரிய நஷ்டம்.

வேலையை விடப்போகிறேன். குழுக் காப்பீடு போய்விடும். சூப்பர் டாப்-அப் மட்டும் வைத்துக்கொண்டால்?

செல்லும். டிடக்டிபிள் தொகையைக் காப்பீடுதான் கட்ட வேண்டும் என்று இல்லை, நீங்கள் கையிலிருந்தும் கட்டலாம். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் முதல் 5 லட்சத்தைத் தயாராக வைத்திருக்க முடியுமா என்று யோசியுங்கள். அதற்கு முன், குழுக் காப்பீடு தந்த அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பியுங்கள். குழுவில் இருந்த ஆண்டுகள் காத்திருப்புக் காலத்தில் கழியும். வேலையை விட்ட பிறகு கேட்டால் சிக்கல், கடைசி வேலைநாளுக்கு முன்பே கேளுங்கள்.

ஹாஸ்பிடல் கேஷ் பாலிசி, நாளுக்கு 2,000 ரூபாய். மூன்று நாள் இருந்ததற்கு 4,000தான் வந்தது.

முதல் நாளைக் கழிப்பது இந்த வகை பாலிசிகளில் வழக்கம். கண்புரை போன்ற டே-கேர் சிகிச்சைக்கு, 24 மணி நேரம் தொடர்ந்து படுக்கவில்லை என்றால் பெரும்பாலானவற்றில் ஒன்றும் வராது. இதில் ஒரு வசதி, பில் தொகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மற்ற காப்பீடு முழு பில்லையும் கொடுத்திருந்தாலும் இது தனியாக வரும், நகல் போதும். உதவியாளரின் சாப்பாடு, ஆட்டோ செலவுக்கு ஆகும். மருத்துவக் காப்பீட்டுக்கு மாற்று என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

இந்த பாலிசிகளின் ப்ரீமியத்துக்கு வரிச் சலுகை உண்டா?

பழைய வரி முறையில் உண்டு (1961 வருமான வரிச் சட்டத்தில் இது 80டி பிரிவு). 25,000 ரூபாய் வரை, மூத்த குடிமக்களுக்கு 50,000 வரை. ப்ரீமியத்தை ரொக்கமாகக் கட்டினால் கிடையாது.

இதயத்தில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள். 10 லட்சம் கிரிட்டிகல் இல்னஸ் பாலிசியில் (பட்டியலிட்ட கடும் நோய் வந்தால் மொத்தமாகத் தொகை தருவது) க்ளெய்ம் நிராகரிப்பு. இதய நோய் பட்டியலில் இருக்கிறதே?

பட்டியலில் இருப்பது நோயின் பெயர். பணம் தருவது வரையறையைப் பார்த்து. பைபாஸ் என்பதற்கான தர வரையறை நெஞ்செலும்பைத் திறந்தோ சிறுதுளை வழியாகவோ செய்யும் பைபாஸ் அறுவையைச் சொல்கிறது. ஸ்டென்ட் வைக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியை வெளிப்படையாக விலக்குகிறது. ஆனால் ஸ்டென்ட் வைப்பதற்கு முன் மாரடைப்பே வந்திருந்தால் கதை வேறு. நெஞ்சுவலி, புதிய ஈசிஜி மாற்றம், ட்ரோபோனின் போன்ற ரத்தக் குறியீடுகளின் உயர்வு ஆகியவை ஆவணத்தில் இருந்தால் 'முதல் மாரடைப்பு' என்ற தலைப்பில் கேட்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரியை இருதய மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். புற்றுநோயிலும் இப்படித்தான்: தோன்றிய அடுக்கைத் தாண்டி ஊடுருவாத ஆரம்பநிலைக் கட்டிகளும், மிகச் சிறிய தைராய்டு புற்றும் வரையறைக்கு வெளியே. பக்கவாதம் என்றால் நிரந்தர நரம்புப் பாதிப்பு 3 மாதமாவது நீடித்ததற்குச் சான்று கேட்பார்கள், அதனால் முதல் வாரத்திலேயே விண்ணப்பித்து நிராகரிப்பு வாங்கிக்கொள்ள வேண்டாம். தகவல் மட்டும் கொடுத்து வையுங்கள்.

ரத்த அழுத்தத்தை மறைத்ததாகச் சொல்லி நிராகரித்துவிட்டார்கள். பாலிசி ஆறு ஆண்டுகளாகத் தொடர்ந்து ஓடுகிறது.

தொடர்ச்சியாக 60 மாதம் கடந்துவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, தகவல் மறைப்பைக் காரணம் காட்ட முடியாது. முன்பு 8 ஆண்டாக இருந்த வரம்பு 2024இல் குறைக்கப்பட்டது. இடையில் காப்பீட்டுத் தொகையைக் கூட்டியிருந்தால், கூட்டிய பகுதிக்கு அந்த 60 மாதம் தனியாக எண்ணப்படும்.

முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார். அதோடு ஐஆர்டிஏஐயின் புகார் தளமான பீமா பரோசாவில் பதிவு, அல்லது 155255 எண்ணில் அழைப்பு. ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். நிறுவனத்தின் இறுதி மறுப்பிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரை கேட்கலாம். தமிழ்நாடு, புதுச்சேரிக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. புகாரோடு முதல் ஆண்டிலிருந்து எல்லாப் புதுப்பித்தல் ரசீதுகளையும் வையுங்கள், நடுவில் இடைவெளி இல்லை என்பதற்கு அவைதான் சான்று.