கடைசித் தெருக் குழாயிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: எங்கள் ஊராட்சியில் எல்லா வீட்டுக்கும் குடிநீர் இணைப்பு கொடுத்தாகிவிட்டது. இந்தச் சேவை இன்னும் பத்து வருடம் தாக்குப்பிடிக்குமா என்று எப்படிக் கணக்கிடுவது? அதைக் கிராம சபையில் மக்களுக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது?
- ஓர் ஊராட்சித் தலைவர்

பதில்: எத்தனை இணைப்பு கொடுத்தோம் என்ற கணக்கு இதற்கு உதவாது. குழாய் இருக்கும், தண்ணீர் வராது. தொட்டியிலிருந்து மிகத் தள்ளி, மேட்டில் இருக்கும் கடைசி வீட்டிலிருந்து தொடங்குங்கள். ஊருக்கே தண்ணீர் குறையப்போகிறது என்பது முதலில் அங்கேதான் தெரியும்.

தண்ணீர் விடும் நேரத்தில் 10 லிட்டர் வாளியைக் குழாயடியில் வைத்து, செல்போனில் நேரம் பாருங்கள். ஒரு நிமிடத்தில் நிரம்பி, ஒரு நாளில் 25 நிமிடம் தண்ணீர் வந்தால் 250 லிட்டர். நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 62 லிட்டர். மத்திய அரசின் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டத்தின் அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பதால் பரவாயில்லை. அதே வாளி மே மாதத்தில் நிரம்ப இரண்டு நிமிடம் எடுத்தால் ஆளுக்கு 31 லிட்டர்தான். நடுவில் யாராவது குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்களா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பல ஊர்களில் கிணற்றைக் குறை சொல்வதற்கு முன் பார்க்கவேண்டியது இதுதான்.

அடுத்தது ஆழ்துளைக் கிணறு. காலையில் மோட்டார் போடுவதற்கு முன் நீர்மட்டத்தை அளந்து எழுதுங்கள். ஜனவரியையும் மே மாதத்தையும் ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு மட்டம் ஏறுவதும் கோடையில் இறங்குவதும் இயல்பு. இந்த மே மாதத்தைப் போன மே மாதத்தோடு ஒப்பிடுங்கள். நல்ல மழை பெய்த வருடத்திலும் மட்டம் இறங்கியிருந்தால், ஊர் தன் நிலத்தடி நீர்ச் சேமிப்பையே எடுத்துச் செலவழிக்கிறது என்று அர்த்தம்.

மின்சாரக் கணக்கைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. எனக்கு அதுதான் மிக முக்கியம். தொட்டியின் வெளியேற்று வால்வை மூடிவிட்டு, காலித் தொட்டி நிரம்புவதற்கு முன்னும் பின்னும் மின் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 30,000 லிட்டர் தொட்டிக்கு 18 யூனிட் ஓடினால் ஆயிரம் லிட்டருக்கு 0.6 யூனிட். மொத்தம் 100 மீட்டர் உயரம் ஏற்றும் மோட்டாருக்கு இது நியாயமான செலவு. சில மாதங்களில் அது 0.9 ஆகிவிட்டால் நீர்மட்டம் இறங்கியிருக்கலாம், மோட்டார் தேய்ந்திருக்கலாம், ஏற்றுக் குழாயில் கசிவு இருக்கலாம். மோட்டார் எரிந்து ஊர் தண்ணீரில்லாமல் நிற்பதற்கு முன்பே கிடைக்கும் எச்சரிக்கை இது.

தரத்துக்குக் குறைந்தபட்சம் குளோரின் பாருங்கள். அதையும் தொட்டியடியில் பார்க்காமல் கடைசிக் குழாயில் பாருங்கள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். பணத்தில் ஒரே கேள்வி: மானியம் ஆறு மாதம் தாமதமானால் மின்கட்டணம், இயக்குபவர் சம்பளம், ஒரு மோட்டார் காயில் கட்டும் செலவு எல்லாவற்றுக்கும் கையில் இருப்பு உண்டா?

சரி, இதை மக்களிடம் எப்படிச் சொல்வது? சதவீதம், மதிப்பெண் எதுவும் வேண்டாம். குடத்தில் சொல்லுங்கள். 15 லிட்டர் குடம் என்றால், நாலு பேர் வீட்டுக்குச் சேரவேண்டியது கிட்டத்தட்ட 15 குடம். "மேட்டுத் தெருவுக்கு இப்போது 8 குடம்தான் போகிறது" என்று சொன்னால் தண்ணீர் பிடிக்கும் பெண்களுக்கு உடனே புரியும். கணக்கு தப்பாக இருந்தால் அங்கேயே எழுந்து திருத்துவார்கள். அந்தத் திருத்தத்தையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். மே 1 கிராம சபை இதற்குச் சரியான நாள், ஏனென்றால் தட்டுப்பாடு அப்போது கண்முன் இருக்கும்.

தொட்டி கழுவிய தேதியை எழுதும் இடத்துக்குப் பக்கத்திலேயே, வருடாவருடம் மே மாத நீர்மட்டத்தைப் பெயின்டில் எழுதிவையுங்கள். இறங்கிய வருடத்தை மறைக்காதீர்கள். அதற்குக் கீழே என்ன செய்யப்போகிறோம், யார் பொறுப்பு, எந்த மாதத்துக்குள் என்று ஒரு வரி வேண்டும். அளவு நோட்டு தொட்டி இயக்குபவரிடமும், நகல் ஊராட்சிச் செயலரிடமும் இருக்கட்டும். உங்களுக்குப் பிறகு வரும் தலைவருக்கு அது தேவைப்படும்.