ஜப்பானின் பழைய அளவைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் வீட்டு ரைஸ் குக்கருடன் வந்த அளவுக் கோப்பை 180 மில்லி லிட்டர்தான் பிடிக்கிறது. கோப்பை என்றால் 200 அல்லது 240 மில்லி லிட்டர் அல்லவா?

பதில்: அந்தக் கோப்பையை வேறு எந்த நாட்டுக் கோப்பையோடும் ஒப்பிட வேண்டாம். அது ஜப்பானியர் 'கோ' என்று சொல்லும் முகத்தல் அளவு. துல்லியமாகச் சொன்னால் 180.39 மில்லி லிட்டர். 10 கோ சேர்ந்தால் 1 ஷோ, 10 ஷோ சேர்ந்தால் 1 தோ, 10 தோ சேர்ந்தால் 1 கோகு. ஒரு கோ அரிசியின் எடை ஏறத்தாழ 150 கிராம். பாத்திரத்தின் உட்புறத்தில் 1, 2, 3 என்று பொறித்திருக்கும் தண்ணீர்க் கோடுகளும் இந்தக் 'கோ' அளவைக் கணக்கில் கொண்டு போடப்பட்டவையே என்பதால், வேறு கோப்பையில் அரிசியை அளந்துவிட்டு அந்தக் கோட்டுக்குத் தண்ணீர் ஊற்றினால் சோற்றின் பதம் தவறிப்போகும். பெட்டியின் மேல் ஒரு லிட்டர் என்று அச்சிட்டு விற்கப்படும் குக்கரை ஜப்பானில் '5.5 கோ' குக்கர் என்றே கேட்டு வாங்குகிறார்கள், 5.5 கோ என்பது 0.99 லிட்டர்தான். ஜப்பானிய அரிசி மதுவான சாகே 1.8 லிட்டர், 720 மில்லி லிட்டர் புட்டிகளில் வருவதற்கும் காரணம் இதுவே: முன்னது 1 ஷோ, பின்னது 4 கோ.

கேள்வி: ஷாகு என்பது 30.3 சென்டிமீட்டர் என்று ஓரிடத்திலும், 37.9 சென்டிமீட்டர் என்று வேறோரிடத்திலும் படித்தேன். எது சரி?

பதில்: இரண்டுமே சரி. முன்னது தச்சரின் 'கனேஜாகு'. 1891ஆம் ஆண்டின் அளவைச் சட்டம் அதை ஒரு மீட்டரில் 33இல் 10 பங்கு என்று வரையறுத்தது. பின்னது கிமோனோ தைப்பவர்களின் 'குஜிராஜாகு'. இது கனேஜாகுவைப்போல் ஒன்றேகால் மடங்கு. குஜிரா என்றால் திமிங்கிலம். வளையக்கூடியதும் எளிதில் உடையாததுமான திமிங்கில வாய்த்தகட்டில் அந்த அளவுகோலைச் செய்ததால் அப்பெயர் வந்தது என்பர்.

தச்சரின் ஷாகுவைப் புரிந்துகொள்ள, 'சஷிகனே' என்னும் உலோக மூலை மட்டத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பதே சிறந்த வழி. அதன் முன்பக்கத்தில் வழக்கமான சுன் கோடுகள் இருக்கும் (10 சுன் ஒரு ஷாகு). திருப்பினால், பின்பக்கத்தில் அதே கோடுகள் இரண்டின் வர்க்கமூல மடங்கு, அதாவது 1.414 மடங்கு, அகன்று நிற்கும். உருட்டு மரத்தின் வெட்டுமுகத்தில் விட்டத்தின் குறுக்கே இந்தப் பின்பக்கத்தை வைத்து எண்ணைப் படித்தால், அந்த மரத்திலிருந்து அறுத்தெடுக்கக்கூடிய மிகப் பெரிய சதுரத் தூணின் பக்க அளவு நேராகவே கிடைத்துவிடும். தச்சர் தாளில் கணக்குப் போட வேண்டியதில்லை. கணக்கு முழுவதும் கருவிக்குள்ளேயே இருக்கிறது. இவ்வளவு நுட்பமான அறிவை ஒரு துண்டு இரும்பில் அடக்கிய அந்த மரபின் மேல் எனக்கு ஆழ்ந்த மதிப்பு உண்டு.

அதனால்தான் 1959 சனவரி 1 முதல் வணிகத்திலும் சான்றளிப்பிலும் மெட்ரிக் அளவையே கட்டாயம் என்று ஆனபோது, தச்சரும் தையற்காரரும் பெரும் இன்னலுக்கு உள்ளாயினர். நிலத்துக்கும் கட்டடத்துக்கும் 1966 வரை சலுகை இருந்தது. அதன் பின் அதுவும் நின்றது. 1970களில் ஒலிபரப்பாளரும் பாடலாசிரியருமான எய் ரோகுசுகே, கைவினைஞர்களுக்காக வெளிப்படையாகக் குரல் கொடுத்தார். அதையடுத்து, '1/33 மீட்டர்' என்று மெட்ரிக் பெயர் பொறித்த சுன் அளவுகோல்கள் விற்பனைக்கு வந்தன. சட்டமும் காக்கப்பட்டது, தச்சரின் கையும் பிழைத்தது.

கேள்வி: டோக்கியோவில் ஆறு ஜோ அறை ஒன்றை வாடகைக்குப் பார்க்கிறேன். அது எத்தனை சதுர மீட்டர்?

பதில்: ஜோ என்பது தரையில் பதிக்கும் ஒரு தத்தாமிப் பாயின் பரப்பு. அந்தப் பாயின் அளவோ ஊருக்கு ஊர் வேறுபடும். கியோத்தோ வழக்கில் பாய் 191க்கு 95.5 சென்டிமீட்டர்; கிழக்கு ஜப்பான் வழக்கில் 176க்கு 88. ஆறு பாய்களாகப் பெருக்கினால் முன்னது ஏறத்தாழ 10.9 சதுர மீட்டர், பின்னது 9.3. கியோத்தோவில் முதலில் பாயின் அளவை நிலையாக வைத்துக்கொண்டு அதைச் சுற்றித் தூண்களை நிறுத்தினார்கள், கிழக்கில் தூணின் நடுவிலிருந்து அடுத்த தூணின் நடு வரை 1 கென் (6 ஷாகு, 1.818 மீட்டர்) என்று வகுத்து, மிஞ்சிய இடத்துக்கு ஏற்பப் பாயை வெட்டினார்கள். வேறுபாட்டின் வேர் இதுதான். பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இன்னும் சிறிய பாய்களும் உண்டு. வீட்டு விளம்பரங்களில் ஒரு ஜோ குறைந்தது 1.62 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்று அத்துறையின் விதி சொல்கிறது. எனினும், ஜோவை நம்பாமல் சதுர மீட்டரைக் கேட்டு வாங்குங்கள். நிலத்தின் விலையைப் பேசும்போது வரும் 'த்சுபோ' ஒரு கென் பக்கமுள்ள சதுரம், அதாவது 3.306 சதுர மீட்டர்.

கேள்வி: பழைய ஜப்பானின் ககா நாட்டுப் பிரபு பத்து லட்சம் கோகுவுக்கு உரியவர் என்கிறார்களே, அவ்வளவு அரிசியும் அவருக்கா?

பதில்: இல்லை. கோகு கணக்கு அந்த நாட்டின் மதிப்பிடப்பட்ட மொத்த விளைச்சலைக் குறிப்பது. அதில் ஒரு பகுதியே வரியாகப் பிரபுவிடம் சேரும். மற்றப் பயிர் விளையும் நிலத்தையும் வீட்டுமனையையும்கூட அரிசியாக மாற்றியே மதிப்பிட்டார்கள். ஒரு கோகு, அதாவது 180 லிட்டர், ஓர் ஆளுக்கு ஓராண்டு அரிசி என்பது பழங்கணக்கு. 10,000 கோகு இருந்தால்தான் ஒருவர் 'தைம்யோ' என்னும் பெரும் பிரபு வரிசையில் சேர முடியும். ககாவை ஆண்ட மயேதா குலத்தின் கணக்கு பத்து லட்சத்தையும் தாண்டியது.

கேள்வி: ஷகுஹாச்சி புல்லாங்குழலின் பெயரில் இருப்பதும் ஷாகுதானா?

பதில்: ஆம். ஒரு ஷாகு எட்டு சுன் நீளம், ஏறத்தாழ 54.5 சென்டிமீட்டர், 'ஹாச்சி' என்றால் எட்டு.

கேள்வி: பட்டுத் தலையணை உறையில் '22 மொம்மே' என்று போட்டிருக்கிறது. இது நூலின் எண்ணிக்கையா?

பதில்: நூலின் எண்ணிக்கை அன்று, துணியின் எடை. பட்டு வணிகத்தில் ஒரு மொம்மே என்பது சதுர மீட்டருக்கு 4.34 கிராம் என்று கொள்ளப்படுவதால், உங்கள் உறையின் துணி சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 95 கிராம். இந்தப் பெயரின் மூலமான மொம்மே 3.75 கிராம் எடை. ஆயிரம் மொம்மே சேர்ந்தால் 1 கன். சட்டம் பழைய அளவைகளை விலக்கியபோதும் முத்து வணிகத்துக்கு மட்டும் மொம்மேயை விட்டுவைத்தது. வளர்ப்பு முத்துக்கள் இன்றும் உலகச் சந்தையில் அந்த எடையில்தான் விலை பேசப்படுகின்றன. தராசில் அந்த எடையை உணர்ந்து பார்க்க விரும்பினால், இன்று புழங்கும் ஐந்து யென் நாணயம் ஒன்றைத் தட்டில் வையுங்கள். நடுவில் துளையுள்ள அந்தப் பித்தளைக் காசின் எடை சரியாக 3.75 கிராம்.