வாசகர் கேள்விகள்: பல நாட்டுப் பிள்ளைகள், ஒரே விடுதி

எங்கள் ஊரில் மூன்று பள்ளிகளின் பெயரில் 'இன்டர்நேஷனல்' இருக்கிறது. வெளிநாட்டு மாணவர் ஒருவர்கூட இல்லை. பல நாட்டுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கென்றே தொடங்கப்பட்ட பள்ளிகள் உண்மையில் உண்டா?
- வாசகி, ஈரோடு

உண்டு. யுனைடெட் வேர்ல்டு காலேஜ் என்ற அமைப்பின் பள்ளிகளையே நான் முதலில் சொல்வேன். ஹிட்லரை வெளிப்படையாக எதிர்த்ததால் 1933-இல் கைதாகி, பின்னர் பிரிட்டனில் தஞ்சம் புகுந்த ஜெர்மானியக் கல்வியாளர் குர்ட் ஹான், 1955-இல் பாரிஸிலிருந்த நேட்டோ பாதுகாப்புக் கல்லூரிக்குச் சென்றார். பத்தாண்டுகளுக்கு முன்பு எதிரெதிர் அணிகளில் நின்று போரிட்ட நாடுகளின் அதிகாரிகள் அங்கே ஒன்றாகப் படிப்பதைக் கண்டவர், இந்த வாய்ப்பை மனம் இறுகிப்போகாத இளம் வயதிலேயே கொடுக்க வேண்டும் என்று எண்ணினார். அதன் விளைவாக 1962-இல் வேல்ஸ் கடற்கரையிலுள்ள செயின்ட் டொனாட்ஸ் கோட்டையில் இந்த அமைப்பின் முதல் பள்ளியான அட்லாண்டிக் காலேஜ் தொடங்கப்பட்டது.

அப்பள்ளியின் வரலாற்றில் நான் மிகவும் மதிப்பது, கடலில் தத்தளிப்போரை மீட்கும் பொறுப்பை மாணவர்களிடமே கொடுத்ததைத்தான். அதற்காக முதல் தலைமையாசிரியர் டெஸ்மண்ட் ஹோர் மாணவர்களோடு சேர்ந்து, அடிப்பகுதி கெட்டியாகவும் ஓரங்கள் காற்றடைத்த குழாய்களாகவும் அமைந்த படகை உருவாக்கினார். இன்று உலகெங்கும் மீட்புப் பணியில் ஓடும் அவ்வகைப் படகின் காப்புரிமையை, பிரிட்டனின் உயிர்காப்புப் படகு நிறுவனத்துக்கு ஒரே ஒரு பவுண்டுக்கு அவர் கொடுத்துவிட்டார். கொந்தளிக்கும் கடலில் உடன் வருபவனை நம்பியே தீர வேண்டும். அந்த நம்பிக்கையைக் கலாசார விழாக்களில் கொடி பிடிப்பதால் பெற முடியாது.

சேர்ந்து தங்கிப் படித்தால் மட்டும் பகை போய்விடுமா?
- வாசகர், திண்டுக்கல்

ஒரே கூரை மட்டும் போதாது என்பதற்கு போஸ்னியாவின் மோஸ்தார் நகரமே சாட்சி. 1990-களின் போரில் அந்நகரம் குரோவாட்டியர் பகுதி, போஸ்னிய முஸ்லிம்கள் பகுதி என இரண்டாகப் பிளந்தது. நூற்றாண்டுகள் கண்ட பழைய பாலம் 1993-இல் குண்டுவீச்சில் இடிந்து ஆற்றில் விழுந்தது. போரில் சிதைந்து மீண்டும் கட்டப்பட்ட பழைய உயர்நிலைப் பள்ளிக்கு இரு சமூகத்துப் பிள்ளைகளும் திரும்பி வந்தபோதும், தனித்தனிப் பாடத்திட்டங்களையே படித்தார்கள். அதே கட்டடத்தில் 2006-இல் யுனைடெட் வேர்ல்டு காலேஜ் அமைப்பின் பள்ளி திறக்கப்பட்டது. அதில் அவ்விரு சமூகத்துப் பிள்ளைகளும் பிற நாட்டினரோடு ஒரே வகுப்பில் அமர்ந்து ஒரே பாடத்தைப் படிக்கிறார்கள். வரலாற்றைக்கூட ஒன்றாகப் படிக்க நேரும்போது, வீட்டில் கேட்ட கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு என்பதை எதிர்வீட்டுப் பிள்ளையின் வாயிலிருந்தே கேட்க வேண்டியிருக்கும். அது வலிக்கும், ஆனால் புரிதல் அங்கேதான் தொடங்குகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக் கல்வியை ஏற்க மறுத்து, எல்லைக்கு அப்பால் சுவாசிலாந்தில் (இன்றைய எஸ்வாத்தினி) 1963-இல் மைக்கேல் ஸ்டெர்ன் தொடங்கிய வாட்டர்ஃபோர்டு கம்லாபா பள்ளியும் பின்னர் இந்த அமைப்பில் இணைந்தது. சிறையிலிருந்த மண்டேலாவின் மகள்கள் படித்தது அங்கேதான்.

நம் பிள்ளைகள் இவற்றில் சேர முடியுமா? பணக்காரர்களுக்கு மட்டும்தானா?
- வாசகர், விருதுநகர்

முடியும். இந்தியாவில் புணேக்கு அருகே 1997 முதல் இந்த அமைப்பின் பள்ளி இயங்குகிறது. பெரும்பாலான பள்ளிகளில் பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய இரண்டு ஆண்டுகளுக்கான ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) எனும் பன்னாட்டுப் பாடத்திட்டப் படிப்பு நடக்கிறது. நாடுதோறும் உள்ள தேர்வுக்குழு வழியாக விண்ணப்பிக்கலாம். குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருகிறார்கள். தமிழ்நாட்டில், 1901-இல் தொடங்கப்பட்ட கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் 1976-இலேயே ஐ.பி. படிப்பைக் கொண்டுவந்தது, இந்தியாவில் அதுவே முதல் பள்ளி. எந்தப் பள்ளியானாலும், எத்தனை நாட்டுப் பிள்ளைகள் விடுதியில் தங்குகிறார்கள், அவர்களில் எத்தனை பேர் உதவித்தொகையில் படிக்கிறார்கள் என்ற இரண்டையும் சேர்க்கைக்கு முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.