செட்டிநாட்டுப் பழைய வீட்டில் குட்டை ரக டிரம்பெட் கொடி வைக்கலாமா? சுவர் கெடுமா?

தாராளமாக வைக்கலாம். சுவரில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள்.

காரைக்குடிப் பக்கம் பழைய வீடு, பின்கட்டை ஒட்டிக் கொஞ்சம் வெற்றிடம், சுவர் போய்விடும் என்று வீட்டில் பெரியவர்கள் பயமுறுத்துகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பயமுறுத்தலைப் படித்ததும்தான் எழுத உட்கார்ந்தேன். உங்களுடையதும் எங்கள் வீடு மாதிரி நாலைந்து புள்ளிக்கு, அதாவது நாலைந்து பங்காளிக் குடும்பங்களுக்கு, பொதுவான வீடாகத்தான் இருக்கும். அப்படியென்றால் கொடியை வளர்ப்பது சுலபம், பங்காளிகளைச் சமாளிப்பதுதான் பாடு.

பெரியவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. நர்சரியில் கேம்ப்சிஸ் என்று சொல்லும் இந்தக் கொடி தண்டிலேயே சின்னச் சின்ன வேர் விட்டு, பிடித்த இடத்தில் ஒட்டிக்கொண்டு ஏறும். புதுச் சிமெண்டுச் சுவருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த நம் சுவரில் ஏற்கெனவே விரிசல் இருந்தால் வேர் அதற்குள் போய்விடும். பிய்த்தெடுக்கும்போது பூச்சும் கூடவே வரும். அமெரிக்க வகைக்கு இந்த ஒட்டு வேர் அதிகம், சீன வகைக்குக் குறைவு. கடையில் கிடைக்கும் குட்டை ரகங்களில் இரண்டையும் கலந்து உண்டாக்கியதும் உண்டு, அது நடுத்தரம். எதுவானாலும் பழைய சுவரிலிருந்து நாலடி தள்ளியே நடுங்கள்.

எங்கள் பின்கட்டுக்கு வெளியே மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் ஒரு கல்தூண் சும்மா நின்றது. அதில்தான் ஏற்றினேன். நட்ட அன்றே கொழுந்தனார் ஒருவர் வந்து நின்றுகொண்டு, "அண்ணமிண்டி, இது வேரோடி வீட்டையே சாய்த்துவிடும்" என்றார். அண்ணமிண்டி என்றால் எங்கள் பக்கம் அண்ணி. கொழுந்தனார் சொன்னதில் பாதி உண்மை. வேரிலிருந்து எட்டின இடத்திலெல்லாம் புதுக் கன்று கிளம்பும். அது தெரிந்துதான் பழைய கிணற்று உறை ஒன்றை மண்ணுக்குள் இறக்கி, அதற்குள் நட்டேன். உறையின் விளிம்பு தரைக்கு மேல் கொஞ்சம் தெரியட்டும். அதையும் தாண்டி வருவதைப் பார்த்த இடத்தில் பிடுங்கிப் போட்டால் போதும். இலையும் சாறும் சிலருக்கு அரிப்பு உண்டாக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

குட்டை ரகம் என்று நம்பி விட்டுவிடவும் கூடாது. சாதாரணக் கொடி 30 அடிக்கு மேல் போகும். இது அவ்வளவு போகாது, ஆனால் வெட்டாமல் விட்டால் தூணைத் தாண்டிக் கூரை ஓட்டைப் பிடிக்கும். புதுத் துளிரின் நுனியில்தான் பூக்கும் என்பதால் தை கடைசியில் பயப்படாமல் வெட்டலாம். நடுத்தண்டை வைத்துக்கொண்டு பக்கக் கிளைகளை இரண்டு மூன்று கணு விட்டு ஒட்ட நறுக்கிவிடுவேன். மொட்டையாக நிற்பதைப் பார்த்து மாமியார் மனசு கேட்காமல் திட்டுவார். சித்திரை வெயிலில் கொத்துக் கொத்தாக ஆரஞ்சுப் பூ வந்ததும் அவரேதான் வருகிறவர்களிடம் காட்டுவார்.

பூக்கவில்லை என்று இங்கே பலர் புலம்புவதற்குக் காரணம் பெரும்பாலும் யூரியாவும் நிழலும்தான். தழைச்சத்து ஏறினால் இலை காடாக வரும், பூ வராது. நான் வருஷத்துக்கு ஒரு தடவை மக்கின தொழு உரமும், விசேஷத்துக்குக் கோட்டை அடுப்பு என்கிற பெரிய விறகடுப்பு மூட்டினால் அந்தச் சாம்பலில் ஒரு கையும் போடுவேன், அவ்வளவுதான். நம் செம்மண்ணே போதும். முழு நாளும் வெயில் படவேண்டும். வேர் பிடிக்கும்வரை தண்ணீர் ஒழுங்காகக் கொடுங்கள், பிறகு வறட்சியைத் தாங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடியில் தண்ணீர் தேங்கினால்தான் ஆபத்து.

எறும்பு வருகிறது என்று மருந்து அடிக்காதீர்கள். பூவில் மட்டுமில்லாமல் மொட்டின் வெளிப்புறத்திலும் காம்பிலும் தேன் சுரக்கும், எறும்பு அதற்கு வருவது. மருந்து அடித்தால் தேன்சிட்டுக்குத்தான் கேடு. அந்தச் சிட்டு பூவுக்குள் மூக்கை விடாமல் அடியில் ஓட்டை போட்டுக் குடித்துவிட்டுப் போகும். இருக்கட்டும்.

இப்போது கொழுந்தனார் கதைக்கு வருகிறேன். கொடியால் சுவர் போகும் என்று பஞ்சாயத்து வைத்தாரே, அவர் போன வருஷம் தன் அறைக்கு ஏசி மாட்டினார். பொதுச் சுவரில், வளவு என்கிற உள்முற்றத்துப் பக்கம், டிரில்லிங் மெஷினை வைத்து ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓட்டையைச் சுற்றிச் சிமெண்டைப் பூசி அதன்மேல் எமல்ஷன் அடித்துவிட்டார். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விட வேண்டும். சிமெண்டைப் பூசினால் உள்ளே ஏறின ஈரம் வெளியே வர வழியில்லாமல் பக்கத்துப் பூச்சைத் தள்ளிவிடும். இப்போது அங்கே அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு நிற்கிறது. செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் சேர்ந்ததைக் கல்யாண வீட்டில் பெருமையாகச் சொல்பவரும் இவரேதான். கேட்டால், ஏசி இல்லாமல் பிள்ளைகள் ஊருக்கு வரமாட்டேன் என்கிறார்களாம். சரி, வரட்டும். அந்த மெஷின் சொட்டுகிற தண்ணீரையும் என் கொடிக்குத்தான் திருப்பிவிட்டிருக்கிறேன், பைப்புத் தண்ணீர் மாதிரி உப்பு இல்லை.

குடும்பச் சண்டையை எதற்கு எழுதுகிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு: கேள்வியே சுவரைப் பற்றித்தான். "வெளிநாட்டுக் கொடி எதற்கு, பிச்சி இல்லையா" என்று வருபவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பிச்சியும் இருக்கிறது, கிணற்றடியில். மரமல்லியும் பாதிரியும் இந்தக் கொடிக்கு ஒரே குடும்பம்தான். அப்புறம் வீடு கட்டின மரமே பர்மாவிலிருந்து வந்ததுதானே?

விதைப் பாக்கெட் வாங்காதீர்கள். விதையிலிருந்து வருவது பூக்க வருஷக்கணக்காகும், தாயைப் போலக் குட்டையாக நிற்கும் என்ற உறுதியும் கிடையாது. தண்டு வெட்டியோ பதியம் போட்டோ எடுத்த கன்றாக, முடிந்தால் ஒரு பூவாவது விட்டதாகப் பார்த்து வாங்குங்கள்.