உறைந்த ஜான்ஸ்கர் ஆற்றில் நடக்கப் போகிறவர்களுக்கு: புதுவை, கடலூர் நண்பர்களின் கேள்விகளும் என் பதில்களும்

போன மாதம் செஞ்சி ராஜகிரியிலிருந்து இறங்கும்போது லடாக்கில் பனிக்கட்டி மேல் "சாதர்" நடை போன கதையைச் சொன்னேன். அன்றிலிருந்து நம் நடைக்குழுவில் கேள்விகள் குவிந்துவிட்டன. மூன்று குளிர்காலம் அங்கே போயிருக்கிறேன், அதில் ஒரு தடவை பாதியிலேயே திரும்பினேன். தெரிந்ததை வந்த வரிசையில் சொல்கிறேன்.

பாகூரிலிருந்து ஒரு தம்பி: சாதர் என்பது ஊரா, மலையா?

ஊருமில்லை, மலையுமில்லை. சாதர் என்றால் போர்வை. ஜனவரி, பிப்ரவரியில் ஜான்ஸ்கர் ஆற்றின் மேல் படியும் பனிக்கட்டிப் போர்வைக்குத்தான் அந்தப் பெயர். குளிர்காலத்தில் கணவாய்கள் மூடிவிடும். அப்போது ஜான்ஸ்கர் மக்களுக்கு வெளியுலகம் போக இந்த ஆறுதான் வழியாக இருந்தது. வெண்ணெய் விற்க, பிள்ளைகளைப் பள்ளியில் விட, குகைகளில் தங்கித் தங்கி லடாக்கின் பெரிய ஊரான லே வரை நடந்தார்கள். லே பக்கத்து நிம்முவிலிருந்து ஜான்ஸ்கரின் பதும் வழியாக இமாச்சலத்தின் தார்ச்சா வரை போகும் சாலை 2024 மார்ச்சில் இணைந்துவிட்டது. பாறையை வெட்டிச் சாலை போடப்போட நடக்கிற தூரமும் குறைந்துவருகிறது. நாம் பார்க்கப் போவது ஒரு மக்களின் பழைய வழித்தடம். அந்த மரியாதையோடு போங்கள்.

முதலியார்பேட்டை: எத்தனை டிகிரி குளிர் இருக்கும்?

இரவில் மைனஸ் 20 முதல் மைனஸ் 30 வரை போகும். நமக்கு மார்கழியில் 20 டிகிரி வந்தாலே மப்ளர் வேண்டியிருக்கிறது.

நெல்லிக்குப்பம் ஆசிரியை: பனிக்கட்டி தாங்குமா தாங்காதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நல்ல கேள்வி, அம்மா. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஓடுகிற ஆறு ஏரி மாதிரி ஒரே பாளமாக உறையாது. முதலில் தண்ணீருக்குள் கஞ்சி போலப் பனித்துகள் திரளும். அது மிதந்து வந்து கரையோரம் ஒட்டும், பிறகு ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். அதனால் ஒரே இடத்தில் கரைப்பக்கம் முழங்கை நீளக் கனமும், நடுவில் அப்பளக் கனமும் இருக்கலாம். கண்ணாடி போலத் தெளிந்திருப்பது வலுவானது. வெள்ளையாக, காற்றுக்குமிழும் பனித்தூளும் கலந்திருப்பது வலுக் குறைந்தது. தெளிந்த பனியில் குனிந்து பார்த்தால் ஜவ்வரிசி கோத்த மாதிரி குமிழ்கள் வரிசையாக நிற்கும், அதற்கும் கீழே பச்சைத் தண்ணீர் ஓடுவது தெரியும்.

வழிகாட்டி கையில் ஒரு தடி வைத்திருப்பார். தட்டும்போது "தொக்" என்று கனத்த சத்தம் வந்தால் நடப்பார். பானையைத் தட்டியது போல வெற்றுச் சத்தம் கேட்டால் நின்றுவிடுவார். கீழே தண்ணீர் வற்றி, பனிக்கூரை மட்டும் தொங்குகிறது என்று அர்த்தம். மேலே புதுப்பனி விழுந்தாலும் ஆபத்துதான். அது கம்பளி போலக் குளிரை உள்ளே விடாமல் தடுப்பதால் கீழே கட்டி கனப்பதில்லை, ஓட்டையும் மூடிக்கிடக்கும். வழிகாட்டி கால் வைத்த இடத்திலேயே கால் வையுங்கள். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடக்க வேண்டும். படம் எடுக்க ஆற்றின் நடுவுக்குத் தனியே போகவே கூடாது.

விருத்தாசலம்: தினமும் ஜிம் போகிறேன், போதுமா?

ஜிம்மை விட செஞ்சிப் படிக்கட்டும் தேவனாம்பட்டினம் மணலும் உதவும். முதுகில் 8 கிலோ பையோடு மணலில் ஒரு மணி நேரம், வாரம் 4 நாள், மூன்று மாதம் நடங்கள். ஆனால் ஒன்று. உயரமான இடத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோயை உடல்பலம் தடுக்காது. ஓட்டப்பந்தய வீரரும் விழுவார். லேயில் இறங்கியதும் முதல் இரண்டு நாள் அறையிலேயே ஓய்வெடுங்கள்.

லாஸ்பேட்டை: குளிர் எவ்வளவு இருக்கும், சார்?

மேலே சொல்லிவிட்டேன்.

கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) சகோதரி: அண்ணா, மாமனார் அமர்நாத் போனபோது கற்பூரத்தைத் துணியில் முடிந்து முகர்ந்துகொண்டே போனாராம், மூச்சே வாங்கவில்லையாம். நாங்களும் கொண்டுபோகலாமா?

வேண்டாம், அம்மா. கற்பூரம் மூக்கில் குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டுகிறது. அதனால் காற்று தாராளமாகப் போவது போல ஓர் உணர்வு வரும். உள்ளே போகும் காற்றின் அளவு கூடுவதில்லை, ரத்தத்தில் ஆக்சிஜனும் கூடுவதில்லை. லே 3,500 மீட்டர் உயரம். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடலூரில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். காற்றழுத்தம் குறைந்ததால் வந்த குறை அது, மூக்கைத் திறந்து அதைச் சரிசெய்ய முடியாது.

திருப்பாதிரிப்புலியூர்: முக்திநாத் போன எங்கள் குழுவில் 40 பேருக்கும் கற்பூரம் கொடுத்தார்கள், எல்லோரும் நன்றாகத் திரும்பி வந்தோம். அனுபவத்தைத் தள்ளிவிடலாமா, ஐயா?

உங்கள் அனுபவத்தைத் தள்ளவில்லை. 40 பேரும் நன்றாக வந்தது உண்மை. கற்பூரம் இல்லாமலும் பெரும்பாலோர் நன்றாகத்தான் வருவார்கள். நானே லேயில் சோதித்தேன். விரலைச் சூடாக்கிக்கொண்டு, ரத்தத்தில் ஆக்சிஜனைக் காட்டும் ஆக்சிமீட்டரை மாட்டினேன், 86 சதவீதம் காட்டியது. ஐந்து நிமிடம் கற்பூரம் முகர்ந்தேன். மூச்சு இலேசானது போலத்தான் இருந்தது, மீட்டர் அதே 86. (விரல் குளிர்ந்திருந்தால் அந்தக் கருவி தப்பாகக் காட்டும், கவனியுங்கள்.)

அரியாங்குப்பம்: நம்பிக்கையும் ஒரு பலம்தானே? தீங்கில்லாத பொருளை ஏன் தடுக்க வேண்டும்?

தீங்கு இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். முதலாவது, குழந்தை கையில் கிடைத்து விழுங்கினால் வலிப்பு வரும். அதைவிடப் பெரியது இன்னொன்று. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவைதான் உடம்பு நமக்கு அனுப்பும் தகவல். அதைக் கேட்டுத்தான் நிற்பதா, இறங்குவதா என்று முடிவு செய்ய வேண்டும். "கற்பூரம் இருக்கிறதே" என்று நினைக்கிறவர் தலைவலியை வெளியே சொல்லமாட்டார். என்னோடு வந்த ஒருவர் அப்படித்தான் ஒரு நாள் முழுக்க மறைத்தார். மறுநாள் காலை, உட்கார்ந்திருக்கும்போதே அவருக்கு மூச்சு வாங்கியது, இருமல் வேறு. உடனே ஆக்சிஜன் கொடுத்து லே மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம், பிழைத்தார். அந்த இருமல் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

சாமி கும்பிடக் கற்பூரம் கொண்டுபோங்கள், தடையில்லை. மூச்சுக்கு மருந்தாக வேண்டாம்.

திருப்பாதிரிப்புலியூர் மீண்டும்: சரி ஐயா. ஆனால் ஆறு அவ்வளவு உயரமில்லை என்றும் அன்று செஞ்சியில் நீங்களே சொன்னீர்களே?

சொன்னேன், அதுவும் உண்மை. ஆற்று நடை போய்ச் சேரும் நெரக் கிராமத்து உறைந்த அருவி இருப்பது சுமார் 3,400 மீட்டரில், லேயைவிடத் தாழ்வு. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: உயரம் உங்களைப் பிடிக்கும் இடம் லேதான். கடல்மட்டத்தில் இருந்தவர் டெல்லியில் விமானம் ஏறி ஒன்றரை மணி நேரத்தில் 3,500 மீட்டரில் இறங்குகிறார். முதல் இரண்டு நாள் ஓய்வு, நிறைய தண்ணீர். அங்கே கட்டாயமாக நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் உண்மையைச் சொல்லுங்கள்.

நெய்வேலி: உயரத்துக்கு மாத்திரை இருக்கிறதாமே?

அசெட்டசோலமைடு. உங்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அளவை நான் எழுதமாட்டேன்.

வில்லியனூர்: ரம் குடித்தால் சூடு வருமா?

தோலுக்குச் சூடு வரும், உள்ளே இருக்கும் சூடு வெளியே போய்விடும். தொடாதீர்கள்.

சிதம்பரம்: எந்த ஜாக்கெட் வாங்கலாம்?

ஜாக்கெட்டை விட உள்ளே என்ன போடுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். பருத்தி பனியன் வேண்டாம். வியர்வையைக் குடித்துக்கொண்டு காயாது, நின்றவுடன் உடம்போடு ஒட்டிக் குளிரும். கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, மேலே ஃப்ளீஸ், அதற்கு மேலே இறகு ஜாக்கெட், கடைசியாகக் காற்றுப்புகாத மேலுறை. வியர்க்கத் தொடங்கும் முன்பே ஒரு அடுக்கைக் கழற்றுங்கள். காலுக்கு, பனிக்கட்டி மேல் தண்ணீர் ஏறும் இடங்களில் கம்பூட் என்கிற உயரமான ரப்பர் காலணிதான். ஈரக் காலுறையைக் கூடாரத்துக்கு வெளியே விட்டால் காலையில் கருவாடு மாதிரி விறைத்திருக்கும்.

காலாப்பட்டு: விரல் மரத்துப்போனால் தேய்த்துவிடலாமா?

கூடாது. என் இரண்டாவது பயணத்தில் இடது கால் பெருவிரல் மெழுகு போல வெளுத்தது. கூட வந்தவர் அன்போடு தேய்க்க வந்தார், வழிகாட்டி கையைத் தட்டிவிட்டார். தேய்த்தால் உறைந்த சதை கிழியும். நெருப்பிலும் காட்டக் கூடாது, உணர்ச்சியில்லாததால் வெந்துபோவதே தெரியாது. வழிகாட்டி தன் மேலங்கியைத் திறந்து என் பாதத்தைத் தன் வயிற்றோடு வைத்துக்கொண்டார். அரை மணி நேரம் அசையவில்லை. விரல் திரும்ப வலிக்கத் தொடங்கியதும் அழுதேவிட்டேன். முழுதாக உறைந்துவிட்டால் 37 முதல் 39 டிகிரி வெந்நீர்தான், அதுவும் மறுபடி உறையாத இடத்துக்கு வந்த பிறகுதான்.

உப்பளம்: போன் எடுக்குமா?

நம் ஊர் ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். ஆற்றுப் பள்ளத்தாக்கில் அதையும் நம்பாதீர்கள். பேட்டரியைத் தூங்கும் பைக்குள் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள்.

பண்ருட்டி: என் மகளுக்கு 8 வயது, கூட்டிப் போகலாமா?

வேண்டாம். எங்கே, எப்படி வலிக்கிறது என்று அந்த வயதில் தெளிவாகச் சொல்லத் தெரியாது.

தவளக்குப்பம்: மைனஸ் எவ்வளவு சார் போகும்?

மூன்றாவது தடவை இதே கேள்வி. தயவுசெய்து மேலே படியுங்கள்.

கடலூர் ஓ.டி. சகோதரி: அண்ணா, மாமனாரிடம் இதைப் படித்துக் காட்டினேன். அமர்நாத்தில் இரண்டு நாள் தலைவலி இருந்ததாம், யாரிடமும் சொல்லவில்லை என்று இப்போதுதான் சொல்கிறார்.

அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், அம்மா. வருகிற ஞாயிறு காலை 5 மணிக்குப் புதுவை பேருந்து நிலையத்திலிருந்து செஞ்சிக்குப் போகிறோம். முடிந்தால் அவரையும் கூட்டி வாருங்கள். அடிவாரத்தில் உட்கார்ந்து அந்த இரண்டு நாள் கதையை அவர் வாயாலேயே கேட்க வேண்டும்.