மானுக்கான ஆங்கிலச் சொல் ‘டியர்’ எங்கிருந்து வந்தது? பன்மையிலும் ஏன் ‘எஸ்’ சேர்வதில்லை?

‘டியர்ஸ்’ என்று எழுதி மதிப்பெண் போயிருக்கும், கேட்டதற்கு “அது விதிவிலக்கு, மனப்பாடம் செய்துகொள்” என்றிருப்பார்கள். அப்படித்தான் எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது. உண்மையில் அது விதிவிலக்கு இல்லை, ஒரு பழைய விதியின் மிச்சம்.

சுமார் 1100 வரை வழங்கிய பழைய ஆங்கிலத்தில் இது ‘டேயோர்’. பொருள் மான் அல்ல, காட்டில் திரியும் எந்த விலங்கும். மானுக்குத் தனிச் சொற்கள் இருந்தன: ஆணுக்கு ‘ஹேயொரொட்’ (இன்றைய ‘ஹார்ட்’), பெண்ணுக்கு ‘ஹிண்ட்’. நாம் கலை, பிணை என்பதுபோல.

அன்றைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கு மூன்று பால்கள். ஆணும் பெண்ணும் அல்லாத மூன்றாம் பாலில், நெடில் கொண்ட ஓரசைச் சொல்லுக்கு எழுவாயிலும் செயப்படுபொருளிலும் பன்மை விகுதி கிடையாது. குறிலாக இருந்தால் ‘உ’ சேரும்: ‘ஷிப்’ பன்மையில் ‘ஷிப்பு’. டியர், ஷீப், ஸ்வைன் மூன்றும் விகுதி இல்லாத வகை. ‘ஹவுஸ்’கூட அதே வகைதான், அது பிற்பாடு ‘எஸ்’ வாங்கிக்கொண்டது. மந்தையாகவும் வேட்டையாகவும் மொத்தமாக எண்ணப்பட்டதால் விலங்குப் பெயர்கள் பழைய வடிவிலேயே தங்கின என்ற விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

பொருள் ஏன் சுருங்கியது? பிரெஞ்சு பேசிய நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய 1066-க்குப் பின் பிரெஞ்சு வந்தது. ‘பீஸ்ட்’ நுழைந்தது, பிற்பாடு லத்தீனிலிருந்து ‘அனிமல்’. விலங்கு என்ற பொதுப் பொருளை அவை எடுத்துக்கொள்ள, வேட்டைக்காரர்கள் முதன்மையாகத் தேடிய மானோடு ‘டியர்’ ஒட்டிக்கொண்டது. ஆனாலும் 1606 வாக்கில் அரங்கேறிய ஷேக்ஸ்பியரின் ‘லியர் அரசன்’ நாடகத்தில் எலிகளும் ‘சிறிய டியர்’ ஆகின்றன. ‘வில்டர்னஸ்’ என்ற சொல்லுக்குள் இருப்பதும் இதே டேயோர்தான். ஜெர்மனில் ‘டியர்’ இன்றும் பொதுவாக விலங்கு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். காதால் கேளுங்கள்: ஆங்கிலத்தில் ‘வண்டி’யின் மெலிந்த ட, ஜெர்மனில் ‘பட்டு’வின் வலிய ட. டே–டாக், டோர்–ட்யூர் என்று இந்த மாற்றம் வரிசையாக வரும்.

நமக்கு இதைவிட நெருக்கமான சான்று ‘மிருகம்’. ரிக் வேதத்தில் ‘மிருக’ காட்டு விலங்கு, யானையைக் ‘கையுள்ள மிருகம்’ என்கிறது. பின்னர் வடமொழியில் மான் என்ற பொருள் மேலோங்கியது. தமிழ் பொதுப்பொருளை வைத்துக்கொண்டது. மிருகசீரிடம் என்ற நட்சத்திரப் பெயரில் மட்டும் நம்மிடமும் மான் தலை காட்டுகிறது. பாரசீகத்தில் இதன் உடன்பிறப்பு ‘முர்க்’ பறவையாகி, கோழியாகி, முர்க் மசாலாவாக உணவகப் பட்டியலுக்கு வந்துவிட்டது.

இனி ஒரு வருத்தம். இந்த மாதிரிப் பதில்களுக்குக் கீழே யாராவது வந்து, ஏதோ ஒரு தமிழ்ச் சொல்லை ஒலியால் இழுத்துவந்து “இதுதான் வேர்” என்கிறார்கள். மறுத்தால் தமிழ்ப்பற்று இல்லை என்கிறார்கள். பற்று இருப்பதால்தான் மறுக்கிறேன். கட்டுமரமும் சுருட்டும் ஆங்கிலத்துக்குப் போனதற்கு எழுத்துச் சான்று உண்டு. போலிகளை அவற்றின் அருகில் வைத்தால் உண்மையான கடன்சொற்களையும் எவரும் நம்பமாட்டார்கள்.

ஒலி ஒப்புமை எங்கே ஏமாற்றும் என்பதற்கு இந்தச் சொல்லே சாட்சி. கிரேக்கத்தில் காட்டு விலங்குக்கு ‘தேர்’. கதவுக்குக் கிரேக்கத்தில் ‘துரா’, ஆங்கிலத்தில் ‘டோர்’ என்பதால் தேர்–டியர் கணக்கும் சரியாகத் தோன்றும். ஆனால் அந்தத் ‘தேர்’ரின் உறவுகள் ரஷ்யனில் ‘ஸ்வேர்’, லித்துவேனியனில் ‘ஜ்வேரிஸ்’. டியரின் உறவானால் அங்கும் ‘ட’, ‘த’ போன்ற ஒலி தொடக்கத்தில் வரவேண்டும். முதல் ஒலியே வேறு, ஆகவே வேரும் வேறு. கடிதத்தில் அன்பாக எழுதும் ‘டியர்’ருக்கும் இதனோடு தொடர்பில்லை, அது பழைய ஆங்கிலத்தில் ‘டேயோரெ’ என்ற தனிச் சொல்.

சில அமெரிக்க அகராதிகள் ‘டியர்ஸ்’ வடிவையும் சேர்த்திருக்கின்றன. அதைக் காட்டித் தேர்வில் மதிப்பெண் கேட்க முடியாது, ‘எஸ்’ இல்லாமலே எழுதுங்கள்.