‘10 மணி நேரம் வரை’ என்பதில் ‘வரை’ எவ்வளவு?

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன் நான் வாங்கிய மடிக்கணினியின் பெட்டியில், பேட்டரி ‘10 மணி நேரம் வரை’ நிற்கும் என்று அச்சிட்டிருந்தார்கள். இணையவழி வகுப்பு எடுக்கும் நாட்களில் நான்கு மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. கடையில் கேட்டால், ‘எல்லாருக்கும் அப்படித்தான் மேடம்’ என்கிறார்கள். பேட்டரி பழுதா, விளம்பரம் பொய்யா?
– கல்லூரி விரிவுரையாளர், மதுரை

பதில்: பழுதா என்பதைப் பிறகு பார்ப்போம், முதலில் ஒரு வகுத்தல் கணக்கு. உங்கள் கணினியின் விவரக்குறிப்பில் பேட்டரியின் கொள்ளளவு ‘வாட்-மணி’ (ஒரு வாட் வீதம் எத்தனை மணி நேரம் மின்சாரம் தரும் என்ற கணக்கு) என்ற அலகில் இருக்கும். அது 42 என்று வைத்துக்கொள்வோம். அதைக் கொண்டு 10 மணி நேரம் ஓட வேண்டுமானால், கணினி சராசரியாக 4.2 வாட்டுக்குமேல் இழுக்கக் கூடாது. வீட்டில் எரியும் சிறிய எல்.இ.டி. பல்புக்கே ஏறக்குறைய அவ்வளவு தேவைப்படும்போது, அதற்குள் திரை, செயலி (பிராசசர்), நினைவகம், வைஃபை அனைத்தும் அடங்கியாக வேண்டும்.

அடங்குகிறது, சோதனைக்கூடத்தில். கணினியிலேயே சேமித்து வைத்த திரைப்படத்தை, வெளிச்சத்தை நடுத்தரமாகக் குறைத்து, பேட்டரி தீரும்வரை திரும்பத் திரும்ப ஓடவிட்டு நேரம் குறிப்பது பல நிறுவனங்களின் வழக்கம். கேட்பதற்குக் கடினமான வேலைபோலத் தோன்றினாலும், சுருக்கிச் சேமித்த படத்தை விரித்துக் காட்டுவதற்கென்றே சில்லுக்குள் தனிச் சுற்று இருப்பதால், செயலியின் பெரும்பகுதி அந்நேரத்தில் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். உங்கள் வகுப்பிலோ கேமரா உங்களைப் படமெடுக்க, அதைச் சுருக்கி அனுப்பியபடியே மாணவர்களின் படங்களையும் குரல்களையும் பெற்று விரிக்க வேண்டியிருக்கிறது. வைஃபைக்கு ஒரு நொடியும் ஓய்வில்லை. ஜன்னலோரம் அமர்ந்து திரை வெளிச்சத்தையும் முழுதாகக் கூட்டியிருந்தால் 12 வாட் செலவாவதில் வியப்பில்லை. 42ஐ 12ஆல் வகுத்தால் மூன்றரை மணி நேரம்.

ஆகவே விளம்பரம் பொய் என்று வழக்காட முடியாது. ‘வரை’ என்ற சொல்லை அதற்காகத்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் நேர்மையானது என்றும் நான் சொல்ல மாட்டேன். பிரிட்டனின் ‘விட்ச்’ நுகர்வோர் இதழ் 2017இல் மடிக்கணினிகளை வைஃபையில் இணையம் பார்க்கவும் படம் ஓட்டவும் விட்டுச் சோதித்தபோது, 9 மணி நேரம் என்று விற்கப்பட்ட எச்.பி. பெவிலியன் மாதிரி ஒன்று நாலரை மணி நேரத்தைக்கூட எட்டவில்லை. மாறாக, ஆப்பிள் தன் எம்2 மேக்புக் ஏருக்குப் படம் பார்க்க 18, இணையம் பார்க்க 15 என இரண்டு கணக்குகளைத் தந்தது. ஒரே பேட்டரிதான், வேலை மாறினால் மூன்று மணி நேரம் குறைகிறது என்பதை வாங்குபவர் அங்கேயே தெரிந்துகொள்ளலாம்.

இனி, பழுதா என்பது. உங்களுடையது விண்டோஸ் கணினி என்றால், கட்டளைச் சாளரத்தில் (கமாண்ட் பிராம்ப்ட்) ‘பவர்சிஎஃப்ஜி’ என்று ஆங்கில எழுத்துகளில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, ‘பேட்டரிரிப்போர்ட்’ என்பதை ஒரே சொல்லாகச் சேர்த்து அடியுங்கள் (powercfg /batteryreport). உருவாகும் அறிக்கையில் ‘டிசைன் கெப்பாசிட்டி’ (பிறந்தபோது இருந்த கொள்ளளவு), ‘ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி’ (இப்போது எஞ்சியிருப்பது) என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டாவது எண் முதலாவதில் 90 விழுக்காட்டுக்குமேல் இருந்தால் பேட்டரியின்மேல் குற்றமில்லை. எட்டே மாதங்களில் 80க்குக் கீழே போயிருந்தால், அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு, உத்தரவாதக் காலம் முடிவதற்குள் சேவை மையத்துக்குச் செல்லுங்கள். ‘எல்லாருக்கும் அப்படித்தான்’ என்ற பதில் அந்தத் தாளுக்கு முன் செல்லாது.

கேள்வி: மடிக்கணினியை நாள் முழுவதும் சார்ஜரிலேயே போட்டு வைத்தால் பேட்டரி கெட்டுவிடுமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: நிரம்பியதும் மின்னேற்றம் தானே நின்றுவிடும் என்பதால் ஆபத்தில்லை. ஆனால் லித்தியம்-அயன் பேட்டரிக்கு முழு வயிறும் வெப்பமும் சேர்வது ஆகாது; உங்கள் ஊர் மே மாதத்தில் மெத்தைமேல் வைத்து வேலை செய்வது இரண்டையும் ஒருசேரக் கொடுக்கும். 80 விழுக்காட்டோடு மின்னேற்றத்தை நிறுத்தும் வசதி பல மடிக்கணினிகளின் அமைப்புகளில் உண்டு. அதை இயக்கிவிட்டு, வெளியூர் கிளம்பும் முதல்நாள் இரவு மட்டும் முழுதாக ஏற்றிக்கொள்ளுங்கள்.